வூஃபரில் என்ன குறை?

“அந்தப் பழைய வூஃபரைச் சரிபண்ணது நீதானா?”

கத்திக்கொண்டே என் ஸ்பீக்கர் ரிப்பேர் கடைக்குள் நுழைந்தார் ஒருவர். கண்கள் சிவந்திருந்தன.

என் வேலையைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“நான்தான்! கிழிஞ்ச காகிதக் கோனை எடுத்துட்டுப் புதுசு ஒட்டி, மைக் வச்சு சத்தத்தை அளந்துதான் கொடுத்தேன்.” கம்ப்யூட்டரைத் திருப்பி அந்த அளவின் வரைபடத்தைக் காட்டினேன். “கோடு எங்கயாவது இறங்குதா பாருங்க. புதுசுலகூட ‘தும் தும்’னு பேஸ் சத்தம் இப்படி வராது!”

“ஜன்னல் அதிருமா?”

“ஜன்னல் என்ன, சுவரே அதிரும்!”

“சத்தத்தைக் குறைச்சு வச்சா?”

“அப்பவும் கட்டில் ஆடும். எழுதியே தரேன்!”

“கொடு.”

ஆத்திரத்தில் கையெழுத்தும் போட்டு நீட்டினேன். “இப்ப சொல்லுங்க, உங்க வூஃபர்ல என்ன குறை?”

“அது மாடி வீட்டுக்காரனோடது. நான் கீழ் வீடு. இதே வாயால போலீஸ்லயும் வந்து சொல்லு, வா!”