சிவப்புக் குறி

கேலிக் மொழி பேசுகிறவர்களின் குன்று அது. தூறல் ஓயவே ஓயாது. ஒருநாள் காலையில் மேய்ப்பன் மந்தையிலிருந்து ஓர் ஆட்டைப் பிடித்து, அதன் வெள்ளைக் கம்பளியில் சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போனான்.

ஆட்டுக்குத் தலைகால் புரியவில்லை. வேலிக்கு வெளியே நின்ற நரியிடம், "இனிமே நானும் உன்னை மாதிரி சிவப்புதான்" என்றது.

நரிக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த ஊர்க்காரங்க சிவப்புக்கு ரெண்டு சொல் வெச்சிருக்காங்க. பிறவியிலேயே வந்த என் நிறம் 'ருவா'. உன் முதுகுல பூசினது 'ஜாரக்'. ரத்தத்துக்கும் அதே சொல்தான். இந்த வேலி இடுக்குல நுழைஞ்சு ஓடிப்போயிடு."

"உனக்கு வயித்தெரிச்சல். இத்தனை பேர்ல என்னைத்தானே பிடிச்சார்?"

போன மாதம்தான் ஓர் ஆட்டுக்குட்டியைக் கவ்விய வாய் நரியுடையது. அது சொன்னால் எந்த ஆடு நம்பும்?

சாயங்காலம் வண்டி வந்தது. சாயம் பூசிய ஆடு தலையை நிமிர்த்திக்கொண்டு ஏறியது. வண்டி கறிக்கடைப் பாதையில் திரும்பி மறையும்வரை நரி மேட்டிலேயே நின்றது.

கீழே, சாயம் சிந்திய வேலிக் கம்பத்தில் இன்னோர் ஆடு முதுகை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தது.