நட்சத்திரப் போதகர்

செல்போனில் ஏதோ ஒரு இணையதளத்தில் பெயரையும் ஊரையும் தட்டி, ஐந்து நிமிடத்தில் போதகர் பட்டம் வாங்கிக்கொண்டவர் நடிகர் வருணேஷ். அவர்தான் கல்யாணத்தை நடத்திவைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை ஜெயசிங் ஒற்றைக்காலில் நின்றபோதே மணப்பெண் எப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபைப் போதகர் மூன்றாம் வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார்.

வெள்ளை அங்கி நடிகருக்கு எடுப்பாகத்தான் இருந்தது. ஜெபம் என்று நாலு வரி வசனம் பேசினார், விசில் பறந்தது. பிறகு தாலியை ஆசீர்வதிக்க உயர்த்தினார். அதை மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து வீடியோ விளக்கு அவர் முகத்தில் விழுந்தது, மேளம் உச்சத்துக்குப் போனது. எத்தனை படங்களில் தாலி கட்டிய கையோ, எப்சிபாவின் கழுத்தைச் சுற்றிப் போய்த் தானாகவே ஒரு முடிச்சைப் போட்டுவிட்டது.

மண்டபமே கைதட்டியது. எப்சிபா திரும்பி ஜெயசிங்கைப் பார்த்தாள். அவன் செல்போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அப்படியே இருக்கட்டும் எப்சி. சார் கையால விழுந்த முடிச்சு, யாருக்குக் கிடைக்கும்? மிச்சம் ரெண்டை நான் போட்டுக்கிறேன்," என்றான்.

நடிகர் அசடு வழிந்தார். எப்சிபா பிடரிக்குக் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். தாலியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் இழுத்து, நடிகரைப் பார்த்தாள்.

"பாஸ்டரய்யா, நீங்க ஒரு கேள்விய விட்டுட்டீங்க. இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்கான்னு முதல்லயே கேட்டிருக்கணும். பரவாயில்ல, இப்பக் கேளுங்க."