குறை சொல்ல ஓர் அம்மா

“என் பையனா? வெச்ச இடத்துல வெச்ச பொம்மை மாதிரி உக்காந்திருப்பான் சார்!” என்றாள் அம்மா.

பக்கத்து நாற்காலியில் இருந்த பையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையன் என்றால் முப்பத்தோரு வயது. சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாற்பது கட்டில்களைப் போன மாதம் ஒரு சினிமா தியேட்டருக்கு அனுப்பிவைத்த புண்ணியவான். “வைத்தியம் பாரு, இல்லைன்னா வேற வேலை பாரு” என்று மேனேஜர் மாதக் கடைசி வரை கெடு கொடுத்திருந்தார்.

எதிரே இருந்தவர் மனநல மருத்துவர். ஏ.டி.எச்.டி. என்கிற கவனச் சிதறல் கோளாறாக இருக்கலாம் என்று போன வாரம் சொன்னவர். திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை, மூளை ஓடுகிற விதமே அப்படி என்று அவர் விளக்கியபோது இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். இது முப்பது வயதில் திடீரென்று முளைக்கிற சமாச்சாரம் இல்லையாம். சின்ன வயதிலேயே இருந்திருக்க வேண்டுமாம். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு ஒன்றுகூட இவனிடம் மிஞ்சவில்லை. அந்த வயதில் கூட இருந்து பார்த்தவர் யாராவது வந்து சொல்ல வேண்டும், மாத்திரையெல்லாம் அதற்கப்புறம்தான் என்றுவிட்டார்.

குறை சொல்லவா ஆள் இல்லை? அதையே முழுநேர வேலையாகப் பார்க்கும் அம்மா ஊரில் இருக்கிறாளே என்று தைரியமாக வரவழைத்தான். வந்தவள் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, கையில் பழப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவரின் வீட்டு முன்னறைதான் கிளினிக். சோபா, மீன் தொட்டி, ஓரமாக ஒரு மேசை. வெள்ளைக் கோட்டும் கிடையாது, வாசலில் பலகையும் கிடையாது. பலகையைப் பார்த்தாலே பாதிப் பேர் தெருமுனையோடு திரும்பிவிடுகிறார்களாம்.

“ஸ்கூல்ல டீச்சர்ங்க ஏதாவது குறை சொல்லியிருக்காங்களாம்மா?”

“குறையா? இப்படி ஒரு பிள்ளை கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்னு சொல்வாங்க சார்.”

அவளை டீச்சர்கள் அழைத்துத் திட்டிய திட்டுகளுக்குக் கணக்கே இல்லை. பள்ளிக்கூட வாட்ச்மேன் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே கேட்டைத் திறந்து வைப்பான்.

“பொருள் எதையாவது தொலைப்பாரா?”

“ஒரு பென்சிலைக்கூடத் தொலைச்சதில்லை.”

“அம்மா!” என்று அவன் கிட்டத்தட்டக் கத்தினான். “ஒரே வருஷத்துல நாலு ஸ்கூல் பை தொலைச்சேனே, மறந்துட்டியா?”

மேசைக்கு அடியில் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

“இல்லாத பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டு வந்துடுவான் சார். இளகின மனசு. தன்னைப் பத்திப் பெருமையாப் பேசினா இவனுக்குப் பிடிக்காது.”

“அலமாரி மேல ஏறி விழுந்து கையை உடைச்சுக்கிட்டது?” என்றான் அவன் விடாமல்.

“எனக்குத் தலைவலின்னு மாத்திரை எடுக்க ஏறினான். அம்மா மேல அவ்வளவு பாசம்!”

மருத்துவரின் உதவியாளர், கண்ணாடி போட்ட ஒரு பெண், தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அம்மா அவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, “என்னம்மா படிச்சிருக்க?” என்று விசாரித்தாள்.

“எம்.எஸ்ஸி. முடிச்சிருக்கேன்ம்மா.”

இங்கே பிழைப்பு போகப் போகிறது, இவளுக்கு ஊர்க்கதை கேட்கிறது என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று சாவியைத் தொலைத்ததற்கே ஒரு மணி நேரம் விடாமல் வசைபாடியவள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் திட்ட வேண்டும் என்று ஏங்குகிறான், மகராசி புகழ்ந்து தள்ளுகிறாள்! அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மருத்துவர் பேனாவை மூடினார். “நீங்க சொல்றதைப் பார்த்தா, சின்ன வயசுல இவருக்கு எந்தப் பிரச்சினையும் இருந்த மாதிரித் தெரியலையே.”

“இல்லவே இல்லை!” என்று நிமிர்ந்து உட்கார்ந்த அம்மா, பழப் பையை அவர் பக்கம் நகர்த்தினாள். “நீங்க எல்லாம் கேட்டுட்டீங்க. நானும் பட்டுனு சொல்லிடறேன். உங்க பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. கொஞ்சம் ஒல்லி, அது பரவாயில்லை. கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம்?”

உதவியாளர் கையிலிருந்த ஃபைல் தரையில் விழுந்தது. மருத்துவர் மெல்ல அவன் பக்கம் திரும்பினார். “நான் யாருன்னு அம்மாகிட்ட சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க?”

அவன் யோசித்தான். ‘ஒரு பெரிய மனுஷர் என்னைப் பத்தி உன்கிட்ட விசாரிக்கணுமாம், சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போறோம்’ என்று போனில் சொன்னான். மிச்சத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தான்.

“மறந்துட்டேன் சார்” என்றவன் அம்மாவிடம் திரும்பினான். “இவர் டாக்டர்மா. என் மறதிக்கும் அலையற புத்திக்கும் வைத்தியம் பார்க்க வந்திருக்கோம்.”

அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. “இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கா சார்?” என்று கேட்டபோது அவள் குரல் உடைந்திருந்தது.

“இருக்கும்மா. மருந்தும் இருக்கு, பழகிக்க வழியும் இருக்கு.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டாள்.

“அப்ப இதுவரைக்கும் எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு, பெரிய நோட்டா ஒண்ணு எடுங்க டாக்டர். ரெண்டரை வயசுலேருந்து ஆரம்பிக்கறேன்!”