எல்லாப் படத்துக்கும் ஒரே பதில்

பக்கவாதம் வந்த அமரவிளை பலசரக்குக் கடைக்காரர் ததேயூஸுக்குப் பேச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அறிய, பேச்சுப் பயிற்சியாளர் ஷீனா படங்களைக் காட்டினாள். எந்தப் படத்துக்கும் ஒரே பதில்தான் வந்தது.

"இது?" என்று குடையைக் காட்டினாள்.

"வெள்ளம்."

பூனைக்கும், "வெள்ளம்."

கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த ஜெம்மா, "வெள்ளம் கேக்காரு, தாகமாக்கும்," என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் தட்டிவிட்டார்.

"மூளை ஒரே சொல்லில சிக்கிக்கிடும் சேச்சி. அடுத்த சொல்லுக்கு நகராது," என்று ஷீனா பொறுமையாக விளக்கினாள்.

"அரிசி கேட்டாலும் வெள்ளம்னு சொன்னா கடைக்கு ஆரு வருவா? பூட்டிர வேண்டியதுதான்," என்றாள் ஜெம்மா.

ததேயூஸ் இடக்கையை ஷீனாவுக்குப் பின்னால் நீட்டினார். "வெள்ளம்!"

ஷீனாவின் கால் நனைந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். வாஷ்பேசின் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தான் கை கழுவியபின் மூடாமல் விட்ட குழாயைப் போய் மூடிவிட்டு வந்து, மறுபடி குடையைக் காட்டினாள்.

"குட," என்றார் ததேயூஸ்.