ஜன்னலோரக் கட்டில்

"தகப்பனே, ஐந்து பெண்களைப் பெற்று, வளர்த்து, ஐந்து பேரையும் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்த இந்தத் தாயை..." என்று உருக்கமாகப் போய்க்கொண்டிருந்த அரைமணி அக்காவுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். கிழவி கை இவ்வளவு மெத்தென்றா இருக்கும்?

ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்தாள்.

கட்டிலில் இருந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

திறந்த கண்ணைப் பட்டென்று மூடிக்கொண்டாள்.

அவளுக்கு அரைமணி என்று பெயர் வைத்தது சபை வாலிபப் பசங்க. தையல் கடையில் பத்து நிமிஷத்தில் ஒரு சட்டையை வெட்டிப் போட்டுவிடுவாள். ஜெபத்தில் மட்டும் அந்தக் கத்தரிக்கோல் வேலை செய்யாது. சாப்பாட்டுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தாள் என்றால், முடிப்பதற்குள் எல்லாம் ஆறி மறுபடி அடுப்பில் ஏறும்.

கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அதெல்லாம் மேலே போய்ச் சேராது என்பது அவள் கட்சி.

இன்றைக்கு வந்தது பாஸ்டரின் மாமியாரைப் பார்க்க. பித்தப்பையில் கல், பத்து மணிக்கு ஆபரேஷன். மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாவை ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு கல்யாணக் கூட்டத்தில், பின்பக்கமாகப் பார்த்ததோடு சரி.

ஆனாலும் ஃபிளாஸ்க் நிறைய கோழி சூப்போடு முதல் ஆளாக வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மேடையில் நின்று நாலு வார்த்தை சொல்லாமலா போய்விடுவார்? ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக்கூடாது என்பது லிஃப்டில் ஏறின பிறகுதான் உறைத்தது.

அந்த வார்டில் இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? பச்சைத் தொப்பியும் கழுத்துவரை போர்வையுமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவளின் கையைப் பிடித்து, கண்ணை மூடி, ஆரம்பித்தாயிற்று.

ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகிவிட்டது.

அந்தக் கால் மணி நேரமும் இந்தப் பெண் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஆமென் ஆமென் என்று, சொல்ல வேண்டாத இடத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியாரின் வாய்த்துடுக்கைப் பற்றி ஆண்டவரிடம் ஜாடையாகப் போட்டுக்கொடுத்தபோதுகூட ஒரு ஆமென் விழுந்தது.

இப்போது என்ன செய்வது? சட்டென்று முடித்துவிட்டு, ஆள் மாறிப்போச்சும்மா என்று எழுந்துவிடலாம். அந்தப் பக்கத்து ஜன்னலோரம் யாரோ அதிகாரமாக இருமினார்கள். சந்தேகமே இல்லை, மாமியார்தான். மணி பத்தாகப் போகிறது.

நைசாகக் கையை உருவிப் பார்த்தாள். வரவில்லை. அவள் உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தாள்.

அக்கா மறுபடி ஒரு கண்ணைத் திறந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி காலி. மேஜைமேல் ஒரு பை இல்லை, துண்டு இல்லை, தண்ணீர் பாட்டில்கூட இல்லை.

அடப் பாவமே. கூட ஒருத்தரும் வரவில்லை.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஜெபத்தைத் தொடர்ந்தாள். ஐந்து பெண்களை விட்டுவிட்டாள். பித்தப்பையையும் விட்டுவிட்டாள். இந்தப் பிள்ளைக்கு உள்ளே என்ன கோளாறோ எனக்குத் தெரியாது ஆண்டவரே, உண்டாக்கின உமக்குத் தெரியும், டாக்டருக்கும் ஓரளவு தெரிந்திருக்கும், நீங்கள் ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் இப்படியெல்லாமா ஜெபிப்பது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ஆமென்" என்றாள் அந்தப் பெண்.

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. கூட வந்திருப்பது யார் என்று நர்ஸ் கேட்டாள். பெண் கூரையைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா பாஸ்டர் வர வேண்டும்! மனைவி, மச்சினிகள் என்று ஐந்து பெண்களும் படையாகப் பின்னால் வர, எதிர் ஜன்னலுக்குப் போனவர், அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்து இங்கே வாங்க என்று கையை ஆட்டினார்.

"நான்தான். அக்கா" என்றாள் அரைமணி, நர்ஸிடம். பொய் இல்லை. சபையே அவளை அப்படித்தானே கூப்பிடுகிறது.

பாஸ்டருக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பிடித்த கையோடு ஸ்ட்ரெச்சர் பக்கத்திலேயே நடந்தாள்.

தியேட்டர் கதவுக்கு முன்னால் அந்தப் பெண் தானாகவே கையை விட்டாள். முதல் தடவையாக அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆள் மாறி வந்துட்டீங்கன்னு முதல்லயே தெரியும்க்கா. சொன்னா கையை விட்டுடுவீங்களேன்னுதான் ஆமென் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

கதவு மூடிக்கொண்டது.

மூன்று மணி நேரமாவது ஆகும் என்றார்கள். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம்போலக் கண்ணை மூடினாள். ஒன்றும் ஓடவில்லை. யாருக்காக என்று சொல்ல, அவள் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே.

கண்ணைத் திறந்தாள். திறந்தபடியே, "கட்டில் மாறினது உமக்கும் முதல்லயே தெரியும், அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டு, மாமியாருக்குக் கொண்டுவந்த சூப்பை ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றினாள்.