வைனோ பேரில் ஒரு மான்

"நாணுக்கு மெழுகு தடவினியா? குறி பாக்கற முள்ளோட திருகாணியை முடுக்கினியா? இப்படிக் கொடு, நானே பாத்துடறேன்" என்று கொழுந்தன் ஆர்விட்டின் கையிலிருந்து வில்லைப் பிடுங்கினாள் லோர்னா.

"நேத்தும் பாத்தீங்க, முந்தாநாளும் பாத்தீங்க. அதே வில்லுதான் அண்ணி."

"உன் அண்ணனும் இதையேதான் சொல்லுவார். அப்புறம் மான் எதிர்ல நிக்கறப்ப வில்லு நுனியில இருக்கற கப்பி கிறீச்னு கத்தும்."

விடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பிக்கப் வண்டியின் பின்கதவை மேசைபோல் இறக்கி, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு அம்பாக உருட்டி வளைவு இருக்கிறதா என்று பார்த்தாள் லோர்னா. அம்புமுனைகளைத் திருகிப் பார்த்தாள். மரத்தோடு இடுப்பைக் கட்டும் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

வேட்டைக்கு வந்து இது ஐந்தாவது நாள். நாளைக்கு ஆர்விட் மரம் அறுக்கும் மில் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். தனியாகக் காட்டுக்குள் போய் மரம் ஏறுவதில்லை என்று அவள் மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். ஆக, இன்று விட்டால் இந்த வருஷம் போச்சு.

இதுவரை எந்த வருஷமும் மான் இல்லாமல் அவள் வேட்டையை முடித்ததே கிடையாது. வரவேற்பறைச் சுவரில் பத்தொன்பது ஜோடிக் கொம்புகள், பத்தொன்பதும் அவள் எய்தவை. கணவர் வைனோ கணக்கில் ஒரு முயல்கூட இல்லை. ஒரு வருஷம் அம்பு கை நழுவி ஏணியில் கடகடவென்று உருண்டது. ஒரு வருஷம் கப்பிக்கு எண்ணெய் விட மறந்தார். மற்ற வருஷங்களில் சரியான நேரம் பார்த்து இருமல் வந்து தொலைத்தது.

சர்ச் விருந்தில் மான்கறியைப் பரிமாறிக்கொண்டே இதையெல்லாம் அவள் நடித்துக் காட்டுவாள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவர் வைனோதான்.

போன வருஷம் மட்டும் அவள் நாக்கு கொஞ்சம் நீண்டுவிட்டது. "அடுத்த வருஷம் நீங்க வீட்டுலயே இருந்து உருளைக்கிழங்கு உரிங்க. காடாவது நிம்மதியா இருக்கும்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அன்றைக்கும் சிரித்தார். மார்ச்சில் இதயம் வீங்கிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

அந்த வார்த்தை அன்றிலிருந்து அவளைத் தூங்கவிடவில்லை. அவருடைய வில்லைக் கடையில் கொடுத்துத் தன் கை நீளத்துக்கு மாற்றி வாங்கினாள். அந்த வில்லால் ஒரே ஒரு மான் எய்து, அந்தக் கொம்புக்குக் கீழே வைனோ பெயரை எழுதி மாட்ட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

"அவர் மரத்துல ஏறி உக்காரு. ஆனா அவரை மாதிரி எதையாவது கீழ போட்டுத் தொலைக்காதே. இந்தா, இருமல் மிட்டாய்" என்று ஆர்விட் கையில் திணித்தாள்.

அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவள் வழக்கமான தேவதாரு மரத்தில் ஏறிக் கயிற்றால் வில்லை மேலே இழுத்துக்கொண்டாள். மேட்டுப் பக்கம் நூறு தப்படியில் வைனோவின் மேப்பிள் மரம். பொழுது புலர்ந்தது. அணில்கள் சருகைக் கிளறின. மான் வரவில்லை.

எட்டு மணிக்கு மேட்டிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

லோர்னா பல்லைக் கடித்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒன்று, கொஞ்சம் பலமாக. பிறகு மத்தியானம் வரை காற்றுதான் அடித்தது.

பொறுமை போய், வில்லை இறக்கிவிட்டுத் தானும் இறங்கினாள். மேப்பிள் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"இறங்குடா கீழே! அஞ்சு நாளா இருமிக் கொட்டுற! மிட்டாயை என்னடா பண்ணின?"

ஆர்விட் இறங்கி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்போதுதான் அவள் தரையைப் பார்த்தாள். மரத்தைச் சுற்றி ஈரமண்ணில் எங்கும் புதுக் குளம்புத் தடங்கள்.

"மான் வந்துதா?"

"தினமும் வருது அண்ணி. இன்னிக்கு மூணு. ஒண்ணுக்கு இவ்ளோ பெரிய கொம்பு."

"வந்ததை இருமி விரட்டிட்டியா?" அவள் அழ ஆரம்பித்தாள். "அவருக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அதையும் கெடுத்துட்டியே. உங்க பரம்பரைக்கே தொண்டையில என்னடா கோளாறு?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு அண்ணி. நான் வேணும்னேதான் இருமினேன்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரில அண்ணன் என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னார். 'மான் எப்பவும் என் மரத்தடியாத்தான் போகும். லோர்னா மரத்துப் பக்கம் தானா ஒருநாளும் போகாது. கிட்ட வந்ததும் நான் பண்ற மாதிரி மெல்ல ஒரு சத்தம் குடுத்து அவகிட்ட அனுப்பிடு, அவளுக்குத் தெரிய வேண்டாம்'னார்" என்றான் ஆர்விட். "அஞ்சு நாளா இருமிப் பாக்கறேன் அண்ணி, அவர் மாதிரி அளவா இரும எனக்கு வரலை. நான் இருமினா எல்லாம் உங்க மரத்துப் பக்கம் வராம வடக்கே ஓடிடுது."