வாய்தவறிய சோடாபுட்டி

மூன்றாம் வகுப்பின் கடைசி நாள். விடைபெற வந்த, தடிமனான கண்ணாடி போட்ட சோடாபுட்டி, வாய்தவறி டீச்சரை "அம்மா" என்றுவிட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் அவளைக் கட்டிக்கொண்டு கொஞ்சினார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருமுறை நானும் அப்படி அழைத்தேன். முறைப்புதான் கிடைத்தது.

எல்லோரும் போனதும் கேட்டே விட்டேன்.

"அவளைத்தானே டீச்சர் உங்களுக்குப் பிடிக்கும்?"

"பேசாம பெஞ்சைத் தள்ளிவை."

கதவைப் பூட்டி, சாவியை ஆபீசில் கொடுத்த டீச்சர், வாசலைத் தாண்டியதும் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பெத்த பொண்ணுக்குச் சலுகை காட்டுறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான்டி வருஷம் பூரா மனசைக் கல்லாக்கிக்கிட்டேன். இனி நான் உன் டீச்சர் இல்ல. கூப்பிடு."

வீடுவரை பொறுக்க முடியவில்லை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி "அம்மா!" என்று கத்தினேன்.